ஓய்வு நாளில் இருபது கொண்டை ஊசி

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்குச் சேலம் ஒரு ராத்தங்கல் ஊர், அவ்வளவுதான். ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டியே போகிறது. (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் ‘என்.எச். ஏழு’தான்.) சாப்பிட்டோமா, படுத்தோமா, விடிந்ததும் நாமக்கல் பக்கம் மிதித்தோமா என்று போய்விடலாம். எங்கள் குழுவும் அப்படித்தான் நினைத்திருந்தது. ஆனால் தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. பாரம் ஏற்றிய லாரிகள் பின்னால் உறுமிக்கொண்டே வர, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழ இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். சேலத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அன்று ராத்திரியே முடிவாயிற்று.

நான் சேலத்துக்காரன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு சேர்வராயன் மலையைக் கீழேயிருந்தே பார்த்துவிட்டுப் போவதாவது? ஏற்காடு போகலாம் என்றேன். மதுரைக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு, “நீ போயிட்டு வா தம்பி, நான் போட்டோவுல பாத்துக்கறேன்” என்றார். பைகளை அறையிலேயே வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். திருச்சி அக்கா அதற்குள் செயினுக்கு எண்ணெய் விட்டுத் தயாராகிவிட்டார். பெங்களூர் நண்பன் தூக்கத்திலேயே தலையாட்டினான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அஸ்தம்பட்டி, கோரிமேடு, குரும்பப்பட்டி, அப்புறம் அடிவாரம். இதுவரை சொல்ல ஒன்றுமில்லை, காலை நேரத்து டவுன் பஸ்களின் ஹாரனைத் தவிர. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. நடுவில் எண் எழுதிய இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

நெடுஞ்சாலையில் நாங்கள் வரிசை கட்டித்தான் போவோம். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்கு மிதிப்பது லேசாகும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். வாரக்கணக்கில் மதுரைக்காரரின் பின்சக்கரத்தைப் பார்த்தே நான் பாதி இந்தியாவைக் கடந்திருக்கிறேன். மலையில் இது எடுபடாது. வேகம் குறைந்துவிட்டால் காற்று ஒரு பொருட்டில்லை, உடம்பின் எடையும் மூச்சும்தான் கணக்கு. ஏற்றத்தில் நண்பர்கள் சேர்ந்து போக முயற்சியே செய்யக்கூடாது என்பது என் கட்சி. வேகமானவர் மெதுவாகப் போனால் அவருக்கு எரிச்சல், மெதுவானவர் வேகமாகப் போனால் ஐந்தாவது வளைவிலேயே நுரை தள்ளிவிடும். ஏரிக்கரையில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு அவரவர் பாட்டுக்குப் பிரிந்தோம். அக்கா முதல் வளைவிலேயே கண்ணில் படாமல் போய்விட்டார்.

என் சைக்கிளில் முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதற்கு 32. அதாவது பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நகரும். அந்தக் கியரில் போட்டுவிட்டு, பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வளைவுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. நாம் இடது ஓரமாகப் போவதால் வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் நமக்கு வெளிப்பக்கமாக அமைந்து சுகமாக இருக்கும். இடப்பக்கம் திரும்புகிறவைதான் தொடையைப் பிழியும். அங்கே ஹாரன் சத்தம் எதுவும் இல்லையென்று தெரிந்தால் கொஞ்சம் நடுவுக்கு விலகி ஏறலாம். பஸ் வருகிற சத்தம் கேட்டால் இறங்கி நின்றுவிடுவது நல்லது, ஏனென்றால் திரும்புவதற்கு அதற்கு முழு ரோடும் வேண்டும்.

பாதி மலை வரை வறண்ட காடு. மூங்கில், முட்புதர், கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் குரங்குகள். வாழைப்பழத்தை வெளியில் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சைக்கிள்காரன் ஓட முடியாத நிலையில் இருக்கிறான் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

மேலே போகப் போகக் காற்று மாறியது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர். நாங்கள் போனது நவம்பர் கடைசி, பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் சாக்கு கட்டிய ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, பஸ்ஸு ஓடலையா?” என்று கேட்டார். ஓடுது பாட்டி என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல மூச்சில்லை.

ஏரிக்கரையில் அக்கா இரண்டாவது டீயில் இருந்தார். மதுரைக்காரர் வந்து சேர்ந்ததும் சைக்கிளைக் கிடத்திவிட்டுத் தானும் பக்கத்தில் கிடந்தார். அவரையும் பெங்களூர் நண்பனையும் அங்கேயே விட்டுவிட்டு நானும் அக்காவும் சேர்வராயன் கோயில் வரை மிதித்தோம். சிவந்த மண்ணும் புல்லுமாக விரிந்த மொட்டை உச்சி. பாக்சைட் உள்ள மலை இது. தலையைக் குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்த உச்சி சுமார் 1,620 மீட்டர். நாங்கள் கிளம்பிய ஸ்ரீநகர் 1,585 மீட்டர். நாடு முழுக்க இறங்கி வந்து, கிளம்பிய உயரத்துக்கே திரும்ப ஏறி நிற்கிறோம் என்று அக்காவிடம் சொன்னேன். “அப்போ இனிமே கன்னியாகுமரி வரைக்கும் இறக்கம்தான்னு சொல்லு” என்றார்.

இறங்குவது குப்பனூர் வழியாக. வண்டி நெரிசல் குறைவு, ஆனால் சில இடங்கள் நல்ல செங்குத்து. என்னைக் கேட்டால் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் கட்டை உரசி ரிம் கொதிக்கும், உள்ளே டியூபில் காற்றழுத்தம் ஏறும், டயர் வெடித்தாலும் ஆச்சரியமில்லை. முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றி, வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நடுவில் நிறுத்தி ரிம்மின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சுர்ரென்றது. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினோம். பெங்களூர் நண்பனுக்குக் கையெல்லாம் மரத்துப்போயிருந்தது.

அயோத்தியாப்பட்டணம் வழியாக ஊருக்குள் வரும்போது சாயங்காலமாகிவிட்டது. நேராகத் தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. வாய்க்குள் அப்படியே முழுசாகப் போட வேண்டும், கடித்துச் சாப்பிடுவது வெளியூர்க்காரர் வேலை. கடைக்கார அண்ணன் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு எங்கிருந்து என்றார். காஷ்மீரிலிருந்து என்றோம். இன்றைக்கு ஏற்காடு போய்வந்தோம் என்றோம். அடுத்த செட்டுக்குச் சட்னி தடவிக்கொண்டே, “அங்கிருந்து வர்றவங்களுக்கு ஏற்காடு எதுக்குங்க? அங்கயே மலை இருக்குமே” என்றார். மதுரைக்காரர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். காலையிலிருந்து அவர் சொல்ல நினைத்ததும் அதுதானாம்.

வழிக்கு இருக்கட்டும் என்று நொறுக்கல் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டோம். மறுநாள் பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் வருவதற்குள்ளேயே இரண்டும் காலி.