விட்ஸ் கதவுக்குத் துணி

ஜூலை 10, 2025, வியாழன்

போயா (பௌர்ணமி) லீவு. மாமர நிழலில் டொயோட்டா விட்ஸ் காரை விட்டு, துணி ஒட்டுவதற்காக முன்கதவு இரண்டின் உள்பலகையையும் கழற்றினேன். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் திருகாணி, கண்ணாடி சுவிட்ச், அப்புறம் ஓரமெல்லாம் கிளிப். இந்த வயசுக் காரில் கிளிப் உடையாமல் வந்தால் அதிசயம்; புதுசு வாங்கி வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இருக்கிற காரைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். இந்த வருசம் திறந்துவிட்டார்கள், விலையைக் கேட்டால் திறக்காத மாதிரித்தான்.

பலகையின் பின்னால் சின்னதாக 'பிபி' என்றிருக்கிறது. பொலிப்ரொப்பிலீன். இதில் பசை லேசில் பிடிக்காது. பசை நன்றாகப் பிடிக்கிற 'ஏபிஎஸ்' பிளாஸ்டிக் என்றிருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஜூலை 12, சனி

மருதமுனைக் கைத்தறித் துணி கையிலிருந்தது, நீலத்தில் வெள்ளைக் கோடு. அதையே முழுக்கப் போட ஆசை. காத்தான்குடிக் குஷன் கடைக் காக்கா (அண்ணன்) துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல துணிதான் தம்பி, ஆனா இழுபடாதே” என்றார். மேசையிலிருந்த வெறும் தேநீர்க் கோப்பையின் வாயில் அதை வைத்துப் பெருவிரலால் அமுக்கினார். சுற்றிவர மடிப்பு. பிறகு மெல்லிய ஸ்பொன்ஞ் ஒட்டிய சாம்பல் நிறத் துணியை அதே மாதிரி அமுக்க, ஒரு சுருக்கமுமில்லாமல் அடிவரை போனது.

ஆகவே கைப்பிடிக் குழிக்குச் சாம்பல், நடுவிலுள்ள தட்டையான இடத்துக்குக் கைத்தறி. ரெக்சின் என்றால் துடைத்துவிட்டுப் போகலாமே என்றும் சொன்னார். மத்தியானம் வெயிலில் நின்ற காரில் ரெக்சினில் கை வைத்தவனுக்கு அது சரிவராது.

ஜூலை 13, ஞாயிறு

விடியவே தொடங்கினேன். கச்சான் காற்று எழும்பிவிட்டால் கல்லடி மணலெல்லாம் பசையில்தான் வந்து இருக்கும்.

முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட். வருசக்கணக்கில் பூசிய டாஷ்போர்ட் பொலிஷ் போகாவிட்டால் மேலே என்ன பூசியும் பிரயோசனமில்லை. 180 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் ஒரு பூச்சு. பசை வெப்பம் தாங்கும் ரகம். பூட்டிய கார் வெயிலில் 60 பாகை தாண்டும். மலிவான ஸ்ப்ரே பசை அதில் இளகி, துணி குழிகளிலிருந்து முதலில் எழும்பும். கூரைத் துணி தொங்குவது வேறு கதை: அங்கே பெரும்பாலும் ஸ்பொன்ஞ்தான் உக்கி மாவாகிறது.

பலகைக்கும் துணிக்கும் இரண்டிலும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஆழமான குழியில் தொடங்கி வெளியே போக வேண்டும். விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தால் குழியின் மேல் துணி பந்தல் கட்டி நிற்கும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டுப் பின்னால் மடித்து ஒட்டினேன்.

ஜூலை 16, புதன்

பலகைகளைக் காருக்குள் போட்டு, கண்ணாடி ஏற்றி, பகல் முழுக்க வெயிலில் விட்டேன். ஒரு மூலையும் எழும்பவில்லை.

ஜூலை 19, சனி

பூட்டியாயிற்று. கண்ணாடி இறங்கும் விளிம்பில் மட்டும் துணி தடித்து றப்பர் உட்காரவில்லை. அந்த இடத்தில் ஸ்பொன்ஞை பிளேட்டால் சீவி எடுத்தேன்.

மச்சான் தன்னுடைய காரின் முன்கண்ணாடித் தூண்களுக்கும் இதே துணி வேண்டுமென்கிறான். அந்தத் தூணில் எயார்பேக் என்று எழுதியிருக்கிறது. பை விரியும்போது மூடி தடையில்லாமல் திறக்க வேண்டும், அதனால் அதில் கை வைக்க மாட்டேன் என்றேன். முகம் கறுத்துவிட்டது. கதவுகளை மட்டும் செய்து தருகிறேன், துணி அவன் செலவு.