நெமிசிஸ்: இரும்பில் கட்டிய போர்க்கப்பல்

போர்க்கப்பல் என்றாலே தேக்கும் ஓக்கும் நினைவுக்கு வந்த காலத்தில், 1839ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் லேர்ட் என்னும் கப்பல் கட்டும் நிறுவனம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நெமிசிஸ் என்னும் நீராவிக் கப்பலை முழுக்க இரும்பில் கட்டியது. இருபுறமும் துடுப்புச் சக்கரங்களும், 32 ராத்தல் குண்டெறியும் இரண்டு சுழல் பீரங்கிகளும் கொண்டிருந்த அது, சுமார் 6 அடி ஆழமே உள்ள நீரிலும் மிதக்குமாறு தட்டையான அடிப்பாகத்துடன் வடிவமைக்கப்பட்டிருந்ததால், பெரிய பாய்மரப் போர்க்கப்பல்கள் தொடத் துணியாத ஆற்று முகத்துவாரங்களுக்குள்ளும் நுழைய முடிந்தது.

என்னை மிகவும் ஈர்ப்பது போர்களைவிட அதன் பயணமே. 1840இல் வில்லியம் ஹட்சியன் ஹால் தலைமையில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தபோது, ஆப்பிரிக்கக் கரையோரப் புயலில் சக்கரங்களுக்கு அருகே இரும்புத் தகடுகள் பிளந்து, கப்பல் இரண்டாக முறியும் நிலைக்கு வந்தது. இன்றைய மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடாவில் பழுது பார்த்துக்கொண்டு, இலங்கையின் காலித் துறைமுகம் வழியாக அது சீனாவை அடைந்தது. கம்பெனி கப்பலை மட்டுமா அனுப்பியது? அபினி வணிகத்தைச் சீனா தடுத்ததால் பிரிட்டன் அதன்மீது தொடுத்த அபினிப் போரையும் அல்லவா சேர்த்து அனுப்பியது!

1841 ஜனவரி 7ஆம் நாள், தென்சீனாவின் முத்து ஆற்று முகத்துவாரத்தில் உள்ள சுவன்பியில் நெமிசிஸ் ஏவிய ராக்கெட் ஒன்று சீனப் போர்ப்படகின் வெடிமருந்தில் விழ, படகு ஆட்களோடு வெடித்துச் சிதறியது. பின்னர் 1849இல் போர்னியோவிலும், அடுத்து இரண்டாம் பர்மியப் போரிலும் அது பணியாற்றியது.