பூட்டாத வெள்ளிக்கிழமை

22 ஜனவரி 2024, திங்கள், சிட்னி

வெள்ளிக்கிழமை ஆஸ்திரேலிய தினம். அரசு விடுமுறை என்பதால் எங்கள் பூர்வகுடி இளைஞர் மையத்தையும் பூட்டுவதாக இருந்தோம். ஆன்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை. (பூர்வகுடிச் சமூகத்தில் மூத்த பெண்களை எல்லோரும் மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள்.) "பிள்ளைகளுக்கு வருடத்திலேயே கனமான நாள் அது. அன்றைக்கா கதவைப் பூட்டுவது?" என்று கேட்டார்.

1788 ஜனவரி 26 அன்று சிட்னி கோவ் கரையில், குடியேற வந்த பிரிட்டிஷ் கப்பல்களின் தலைவர் ஆர்தர் பிலிப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஊர் அதைக் கொண்டாடுகிறது. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் அது நிலம் பறிபோன நாள். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

24 ஜனவரி, புதன்

16 வயதுப் பையன் ஒருவன் மதியம் முழுவதும் கைபேசியில் விரலை ஓட்டியபடியே உட்கார்ந்திருந்தான். முகம் இறுகிக் கிடந்தது. என்னிடம் காட்டினான்: முன்பின் தெரியாதவர்கள் அவனுடைய மக்களைப் பற்றி எழுதிய வசவுகள். பூர்வகுடிகளின் 'குரல்' என்ற ஆலோசனைக் குழுவுக்கு அரசியலமைப்பில் இடம் வேண்டாம் என்று கடந்த அக்டோபர் 14 அன்று சுமார் 60 சதவீதம் பேர் வாக்களித்தார்களே, அதிலிருந்தே இப்படித்தானாம். "வேலை செய்யும் கடையிலும், ஆஸ்திரேலிய தினத்தின் தேதியை மாற்ற வேண்டுமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். நான் அங்கே பாடம் நடத்தவா போகிறேன்?"

அவன் கேட்டது நியாயம். அடிபட்டவன் தலையிலேயே அதை விளக்கும் வேலையையும் கட்டுகிறோம். நான் எதையும் கிளறவில்லை. இருவருமாக அந்தச் செயலிகளை நீக்கினோம். 13யார்ன் உதவி எண்ணை (13 92 76) பதிந்துகொண்டான். இரவோ பகலோ, அழைத்தால் எடுப்பவர் பூர்வகுடியினராகவோ டோரஸ் நீரிணைத் தீவினராகவோ (ஆஸ்திரேலியாவின் இன்னொரு பூர்வகுடி மக்கள்) இருப்பார். எதையும் முதலிலிருந்து சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

26 ஜனவரி, வெள்ளி

ஒன்பது மணிக்குத் திறந்தேன். 11 பிள்ளைகள் வந்தார்கள். ஆன்ட்டி டாம்பர் ரொட்டி சுட்டார்; சூட்டோடு பிட்டு, பாகு ஊற்றித் தின்றோம். ஒரு சிறுமி நகங்களில் பூர்வகுடிக் கொடியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு, நடுவில் பல்குத்தும் குச்சியால் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளியை வைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கட்டைவிரலையும் நீட்டச் சொன்னாள்.

ஆன்ட்டி 1938-ஐப் பற்றிச் சொன்னார். இதே தேதியில், இதே சிட்னியில், பூர்வகுடித் தலைவர்களான ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்குசனும் துக்க நாள் கூட்டம் நடத்தி முழுக் குடியுரிமை கேட்டார்கள். அரங்கின் முன்வாசலில் அவர்களை விடவில்லை. பின்வாசல் வழியாகப் போய்க் கூடினார்கள்.

"பின்வாசலா?" என்று பையன் இரண்டு முறை கேட்டான்.

மதியம் விக்டோரியா பூங்காவில் யாபுன் என்ற பூர்வகுடிப் பண்பாட்டு விழா. கூட்டத்தில் தன் உறவுக்காரப் பையன்களைக் கண்டதும் பையன் அவர்களிடம் ஓடிவிட்டான். மாலைவரை அவன் கையில் கைபேசியைப் பார்க்கவில்லை.

29 ஜனவரி, திங்கள்

அடுத்த வருட அட்டவணையில் 26-ஐ இப்போதே குறிக்கச் சொன்னார் ஆன்ட்டி. ஞாயிற்றுக்கிழமை வருகிறது. என் பெயரை எழுதிவிட்டேன்.