ஊற்றிக் கெட்ட பிஸ்டன்கள்

இரவு பத்தரைக்கு மேல் வீடு அடங்கியதும் பழைய பைக் படங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். துருப்பிடித்துப் பாதி மண்ணாகிப்போன ஒரு பிஎஸ்ஏவையோ ட்ரையம்பையோ, அந்தக் கால இங்கிலாந்து பைக்குகளில் ஒன்றை, யாரோ கொட்டகையிலிருந்து இழுத்து வருவார்கள். நாற்பது நிமிடத்தில் அது புகை கக்கிக்கொண்டு ரோட்டில் போகும். “பகலெல்லாம் இரும்பு, ராத்திரியும் இரும்பா?” என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. கோவை கணபதியில் இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் ஒரு பவுண்டரியில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கேள்வி நியாயமானதுதான்.

வேலை தெரிந்தவன் இந்தப் படங்களைப் பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்ணில் பட்டுவிடும். சிலிண்டருக்குள் இறுகிக் கிடக்கும் பிஸ்டனைத் தட்ட ஆரம்பிப்பார்கள். அடுத்த காட்சியில் அது மேசைமேல் உட்கார்ந்திருக்கும். நடுவில் டீசல் ஊற்றி ஊறவைத்துக் காத்திருந்த நாளெல்லாம் எங்கே போனது? அதற்குப் பதில் கிரைண்டர் பொறி மெதுவாகப் பறக்கும், பின்னால் கிடார் வாசிப்பார்கள். கெடுவுக்குள் முடிக்க முடியாமல் ஒருவரை ஒருவர் கத்தித் தீர்க்கும் அமெரிக்க டிவி ரகம் வந்தால் உடனே மாற்றிவிடுவேன். கத்தல் கேட்க எனக்கு டிஸ்பேட்ச் செக்‌ஷன் இருக்கிறது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1971இல் ரோஜர் டொனால்ட்சன் எடுத்த ஒரு நியூசிலாந்து ஆவணப்படம். இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்றோ என்ற பெரியவரைப் பற்றியது. அவரிடம் இருந்தது 1920ஆம் வருடத்து இந்தியன் ஸ்கவுட் என்ற அமெரிக்க பைக். 600 சிசி, வாங்கியபோது மணிக்கு 55 மைல்தான் போகும். அதையே வருடக்கணக்கில் குடைந்து குடைந்து 950 சிசி ஆக்கி, 1967இல், தன் 68ஆவது வயதில், அமெரிக்காவில் பானவில் உப்புத் தரையில் 183 மைலுக்கு மேல் ஓட்டி சாதனை படைத்தார். கிலோமீட்டரில் 295.

வேகம் இருக்கட்டும். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது அவருடைய கொட்டகையை. பிஸ்டனைத் தானே உருக்கி ஊற்றுகிறார், பழைய தகர டப்பாவில். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டருக்குப் பதில் சக்கரத்தின் பழைய ஸ்போக் கம்பி ஒன்று. ஓட்டத்தில் வெடித்துப்போன, உருகிப்போன உதிரிகளையெல்லாம் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கி, மேலே எழுதி வைத்திருக்கிறார்: வேக சாமிக்குப் படையல். படத்துக்கும் அதுதான் பெயர்.

எங்கள் பவுண்டரியில் ப்ளோ ஹோல், அதாவது உள்ளே காற்று ஓட்டை, விழுந்த பீஸ் அன்றைக்கே உலைக்குத் திரும்பிவிடும். அச்சு மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடினால் போதும், லாட் முழுக்க ஓட்டை. வாரக் கடைசி மீட்டிங்கில் அது வெறும் ஒரு சதவீதமாகத்தான் பேசப்படும். எது எப்படிக் கெட்டது என்று திரும்பிப் பார்க்கப் பொருளே இருக்காது. மன்றோ அதை உலைக்கு அனுப்பாமல் கண் எதிரே வைத்துக்கொண்டார். சரி, அவருக்கு ரிஜெக்‌ஷன் கணக்கு கேட்க முதலாளி இல்லை.

இன்னொன்று. 1967 சாதனையின் சராசரியைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் மகன் கண்டுபிடித்துச் சொல்லி, 2014இல் அதை 184.087 மைல் என்று திருத்தினார்கள். மன்றோ இறந்து 36 வருடம் கழித்து. ஸ்போக் கம்பியால் அளந்தவர் பக்கம் தப்பில்லை, கால்குலேட்டர் பக்கம்தான்.

லண்டன் ஏஸ் கஃபே பற்றிய படங்களும் பார்ப்பேன். 1938இல் தொடங்கி, போரில் குண்டு விழுந்து, 1949இல் திரும்பக் கட்டி, 1969இல் மூடி, 2001இல் மறுபடி திறந்த டீக்கடை. லெதர் ஜாக்கெட் போட்ட ராக்கர் பையன்கள் அங்கே கூடினார்கள். நார்ட்டன் பிரேமில் ட்ரையம்ப் இன்ஜினைத் திணித்து ‘ட்ரைட்டன்’ என்று ஓட்டினார்கள். இன்றைக்கு அந்த ட்ரைட்டனையே ஒருவர் ‘ஒரிஜினலாக’ மீட்கிறேன் என்று போல்ட் போல்ட்டாகத் தேடி அலைகிறார். இரண்டு கம்பெனி வண்டியை அறுத்து ஒட்டியதில் எது ஒரிஜினல்? அவரைக் கேட்டால் கோபம்தான் வரும்.

இவ்வளவு பார்த்தவன் சும்மா இருப்பேனா. மாமா 1982இல் வாங்கிய யெஸ்டி பைக், அவருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. கியர் லீவரையே உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கராக மாறும் வண்டி அது. பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவைத்து, அசைய மூன்று வாரம் ஆனது. அப்புறம் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, அதற்கேற்ப சிலிண்டரை உள்ளே கடைந்து ஞாயிற்றுக்கிழமை நானே போரிங் போட்டேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய கேப்புக்கு ஏதோ ஒரு வீடியோவில் கேட்ட அளவை நம்பினேன். சூட்டில் வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அலுமினியம் பிஸ்டன் அதிகம் விரியும் என்று தினமும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

சரவணம்பட்டி தாண்டியதும் சத்தம் கம்மியது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கீறிச்சிட்டது. கிளட்சைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். மாமாவுக்குப் போன் போட்டேன்.

“கேப்பு எவ்வளவு விட்ட, மாப்பிள்ளை?”

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அது சரி. பவுண்டரிக்காரன் போட்ட போரிங்.”

கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் அலுமினியம் இழுபட்டு, வெண்ணெய் தடவினதுபோல் சாம்பல் கோடு கோடாக. ஸ்க்ராப் தொட்டியில் போடத்தான் கொண்டுபோனேன். பாப்பா கேட்டாள் என்று கழுவிக் கொடுத்தேன். இப்போது அவள் மேசையில் பென்சில் ஸ்டாண்டாக இருக்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் கம்பி செருகும் துளை வழியாகக் குட்டிப் பென்சில்கள் வெளியே வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன.

அடுத்த சைஸ் பிஸ்டன் கூரியரில் வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை. இந்த ஞாயிறு போரிங் போடலாம் என்று இருக்கிறேன். மாமா தினமும் சாயங்காலம் போன் போட்டு, கேப்பு எவ்வளவு என்று ஒப்பிக்கச் சொல்கிறார்.