ஓடை இல்லாத வரைபடம்

2025 ஜூலை 9, புதன்

சேலத்தில் எங்கள் தெருக்கோடி மாந்தோப்பின் வேலியில் இன்று காலை ஒரு பதாகை ஏறியிருக்கிறது. சேர்வராயன் மலையைப் பார்த்த பால்கனியுடன் 50 வீடுகள், முன்பதிவு தொடங்கிவிட்டது என்று எழுதி, கைப்பேசி எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். ரேரா பதிவு எண்ணைத் தேடினேன், எங்கும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்த அளவுள்ள திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவும் கூடாது, முன்பணம் வாங்கவும் கூடாது. பதாகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். சென்ற ஆண்டு ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்த பிறகு சிறு வீடுகளின் வேலைதான் என்னிடம் அதிகம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு இணையத்திலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. அதனால் கட்டடம் பற்றி எது கேட்க வேண்டுமென்றாலும் தெருவில் எல்லோரும் என் வீட்டுக்கே வருகிறார்கள். பதாகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார்: "கண்ணு, நம் தெருவில் இத்தனை வீடு வருமா?" வரைபடத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது பாட்டி என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

வரைபடம் தானாகவே என் மேசைக்கு வந்துவிட்டது. தோப்பு வீட்டு அக்கா கொண்டுவந்தார். கட்டுநருடன் கூட்டு ஒப்பந்தமாம். நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்கு 20 வீடுகள் தருவதாகப் பேச்சு. "எங்கள் பங்கைச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல் அம்மா" என்றார். மாமனார் போன பிறகு தோப்பு மூன்று பாகம். கொழுந்தனாரின் மருத்துவக் கடன் வேறு இருக்கிறது. மாங்காய்க் குத்தகைப் பணத்தில் அந்தக் குடும்பம் நடக்காது என்பது தெருவுக்கே தெரியும். நிலத்தை விற்கவோ, கட்டவோ அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தோப்பு 62 சென்ட், அதாவது ஏறக்குறைய 2,509 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைத் திறவிடமாக ஒதுக்க வேண்டும், இது தாண்டவில்லை. தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடிகளும் சேர்ந்து மனையைப் போல் இரு மடங்கு என்பதால் 5,018 சதுர மீட்டர் கட்டலாம். ஏறத்தாழ அத்தனையும் வரைந்திருக்கிறார்கள். கீழே வாகனம் நிறுத்தும் தளம், மேலே ஐந்து மாடி. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடத்துக்கான விதிகள் வந்துவிடும். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். வரைந்தவர் வேலை தெரிந்தவர். காற்று எந்தப் பக்கம் வரும் என்றுகூட யோசித்துச் சன்னல் வைத்திருக்கிறார்.

ஆனால் இரண்டு இடங்களில் என் கை நின்றுவிட்டது. தோப்பின் முன்னுள்ள சாலை 9 மீட்டர் என்று குறித்திருக்கிறது. எங்கள் பத்திரங்களில் இருப்பது 23 அடிச் சாலை. மீட்டரில் ஏழுதான் வரும். இன்னொன்று, வடக்கு எல்லையில் 'காலி நிலம்' என்று எழுதியிருக்கிறது. அங்கே இருப்பது ஓடை.

இரண்டையும் அக்காவிடம் விரல் வைத்துக் காட்டினேன். "இதை வெளியில் சொல்வாயா?" என்று கேட்டார்.

"சொல்வேன் அக்கா. அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்கிறேன்."

பதில் பேசாமல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 12, சனி

வாத்தியார் ஐயா நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, தெருவை அளந்தோம். தோப்பின் முன்னால் 6.9 மீட்டர். நடுவில் 6.1. பிள்ளையார் கோயிலும் மின்மாற்றியும் நிற்கும் தெருமுனையில் 5.4. பள்ளி வேன் உள்ளே வந்தால் பின்னோக்கியேதான் வெளியே போகிறது. தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்? கட்டடம் பெரிதாகப் பெரிதாகச் சாலையும் அகலமாக இருக்க வேண்டும் என்பதுதான் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின் அடிப்படை. அனுமதி கிடைப்பதற்கு வேண்டிய சாலை வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை.

23 அடி எங்கே போனது என்பதற்கும் நாடாவே பதில் சொல்லிவிட்டது. வாசற்படி, கார் ஏற்றும் சாய்தளம், துளசி மாடம், தண்ணீர்த் தொட்டி. இருபுறமும் வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஓர் அடி, இரண்டடி என்று தெருவுக்குள் வந்திருக்கிறார்கள். ஆட்சியருக்குக் கொடுக்கப்போகும் மனுவில் இதையும் எழுத வேண்டும் என்று ஐயாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "எழுது. என் வீட்டுச் சாய்தளத்தை முதலில் எழுது" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

பிள்ளையார் கோயில் திண்ணையில் கூட்டம். எனக்கு மிகவும் கோபம் வந்த நாள்.

சாலையைப் பற்றியும் ஓடையைப் பற்றியும் பேசத்தான் கூப்பிட்டோம். கால் மணி நேரத்துக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. "கல்யாணமாகாத பையன்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்." "எந்த ஊர், எந்த ஜாதி என்றே தெரியாதவர்கள் வருவார்கள்." "மொட்டை மாடியில் நின்றால் நம் வீட்டு முற்றம் தெரியும்." இந்த ஊரில் வாடகை வீடு தேடி அலைந்தபோது, பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்களை நானும் என் கணவரும் பார்த்திருக்கிறோம். எழுந்து நின்று சொன்னேன்: "யார் குடிவருவார்கள் என்று ஒரு வரி மனுவில் இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அளவுகளையும் தர மாட்டேன். சேலத்துக்கு வீடுகள் வேண்டும். அடுக்குமாடி வரட்டும். ஐம்பது குடும்பத்துக்குத் தண்ணீர் உண்டா, வண்டி போகுமா, மழைநீர் எங்கே போகும், இவ்வளவுதான் நம் கேள்வி."

சிலர் எழுந்து போய்விட்டார்கள். பேக்கரி அண்ணன் தன் வீட்டுப் படியைப் பற்றி எழுதக் கூடாது என்று போனார். மற்றவர்கள் இருந்தார்கள்.

தண்ணீர்க் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டினேன். நகர வீடுகளுக்குத் திட்டமிடும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைப்பது வழக்கம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 50 வீட்டுக்கு 27,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தாலும் தினம் இரண்டு லாரிக்கு மேல். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்வார்கள் என்றார் ஒருவர். நம் காலுக்குக் கீழே இருப்பது கடும்பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். ஒரே இடத்தில் அவ்வளவும் உறிஞ்சினால் பக்கத்துக் கிணறுகளின் கதி என்ன என்று பாட்டியே கேட்டுவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வரிசையில் நின்று மனு கொடுத்து, எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அதே பையில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவும் இருந்தது, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.

பலர் கேட்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர்களை ஏன் அரசே கூப்பிட்டுக் கேட்பதில்லை என்று. விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக வகை மாற்றுவதென்றால் நாளிதழில் அறிவித்து ஆட்சேபணை கேட்பார்கள். கட்டட அனுமதிக்கு அப்படி இல்லை. விண்ணப்பித்தவருக்கும் அலுவலகத்துக்கும் இடையே கோப்பு போய்வரும், அடுத்த வீட்டுக்காரருக்குப் பொக்லைன் வந்த பிறகுதான் தெரியும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வசதி என்பது எனக்குத் தெரியும். தெருவில் இருந்து பார்த்தால் இது அநியாயம். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால், விண்ணப்பம் போட்ட அன்றே மனையின் முன்னால் தமிழில் ஒரு பலகை வைக்கச் செய்ய வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

நாத்தனாரைப் பார்க்க ஏற்காடு போயிருந்தோம். காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைக்கிறார்கள். ஹாக்கா எல்லைக்குள் வருவதால் எத்தனை துறைக்கு எழுத வேண்டுமோ என்று அலுத்துக்கொண்டார்கள். மலையிடங்களைக் காக்க 1990-இல் வந்த ஏற்பாடு அது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் துறை என்று பலரும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அலுப்பு நியாயம்தான். ஆனாலும் மலைச்சரிவுக்கு அந்தக் கவனம் தேவை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வருகையில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மேலே ஒரு சரிவை வெட்டுவதற்கு இத்தனை கண்கள் இருக்கின்றன. அந்தச் சரிவில் விழும் மழை வந்து சேரும் அடிவாரத்தில் எங்கள் தெரு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியுமா? சென்ற டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைப்பாதை மண்சரிந்து அடைபட்டது. அந்த இரவில் தோப்பு ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கரைபுரண்டது. தெருவில் முழங்கால் அளவு நின்றது, வீடுகளுக்குள் நுழையவில்லை. ஓடை திறந்திருந்ததுதான் காரணம். மூக்கனேரிக்குப் போகும் ஓடைகளில் இதுவும் ஒன்று. 2010-இல் ஊர் மக்கள் கூடித் தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் எழுப்பி மரம் நட்ட ஏரி அது. ஏரியைக் காப்பாற்றிவிட்டு அதற்கு வரும் வழியை வரைபடத்தில் அழித்தால் என்ன பயன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பதாகையைக் கழற்றிவிட்டார்கள். அக்கா கோயிலில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தகவல் உரிமைப் பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, இறுதி ஒப்புதல் தரப்படவில்லை, கோப்பை முன்கூட்டிச் சொல்லிவிட்டு நேரில் பார்வையிடலாம். மூன்றாவது வரிதான் எங்களுக்குப் பெரிய செய்தி. கோப்பைக் கண்ணால் பார்க்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நில அளவைத் துறையின் புல வரைபடத்தையும், நிலங்களின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு நகலையும் எடுத்துவிட்டேன். ஓடை தனி உட்பிரிவாக, புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது. அகலம் 4.6 மீட்டர். வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலி அளவையில் இருந்து வந்த கோடு, இன்னும் அழியவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கள ஆய்வு. நில அளவர், உதவியாளர், வரைபடப் பிரிவிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி. கட்டுநர் தரப்பில் இரண்டு பேர். முந்திய நாள் மழையில் ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. காலி நிலம் என்று யாரும் வாதாடவில்லை. மூன்று எல்லைக்கற்கள் கிடைத்தன. வடகிழக்கு மூலைக் கல்லைக் காணவில்லை. புதிதாக மண் கொட்டியிருந்த இடம் அது. நில அளவர் முகம் சுளித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை, அளந்து மூலையைக் குறித்துக்கொண்டார்.

தெருவை அளக்கும்போது ஒவ்வொரு சாய்தளமும் குறிப்பில் ஏறியது. பேக்கரி அண்ணன் என்னைப் பார்த்து, "இப்போது திருப்தியா?" என்றார். "திருப்திதான் அண்ணா" என்று உண்மையாகவே சொன்னேன்.

அக்காவின் கொழுந்தனார் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளாம். போய்ப் பேசினேன். "எங்களுக்கு வர வேண்டியது தள்ளிப் போகிறது அம்மா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பொய் அளவில் எழும்பும் கட்டடத்தில் அவர்களுக்கும்தான் 20 வீடுகள். பின்னால் பூட்டு, சீல் என்று வந்தால் அவர்கள் பங்கும் சேர்ந்துதான் பூட்டப்படும். இதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

அக்டோபர் 8, புதன்

விண்ணப்பத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாலை அகலத்தைக் களத்தில் உள்ளபடி காட்ட வேண்டும், ஓடையைக் குறிக்க வேண்டும், வெள்ள ஆபத்துப் பற்றி நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வாத்தியார் ஐயா தொலைபேசியில் படித்துக் காட்டினார். குரல் நடுங்கியது. நானும் அழுதுவிட்டேன்.

கையோடு அவர் வீட்டுச் சாய்தளத்தை உடைக்க ஆள் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

திருத்திய வரைபடத்தை அலுவலகத்தில் பார்வையிட்டோம். ஐந்து மாடி மூன்றாகியிருக்கிறது. வீடுகள் 24. சாலை விரிவுக்காகத் தோப்பின் முன்பக்கம் ஒரு பட்டையைத் தானப் பத்திரமாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் இந்த முறை கண்துடைப்பாக இல்லாமல் சரியான இடத்தில் இருக்கின்றன. பங்கைப் பற்றி மறுபடி பேச்சு நடக்கிறதாம். அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை; குடும்பத்துக்குக் குறைந்தது பத்து வீடாவது கிடைக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஓடை வரைபடத்தில் இருக்கிறது. ஆனால் 3.2 மீட்டராக. புல வரைபடத்தில் 4.6. மீதி 1.4 மீட்டரில் சுற்றுச்சுவரும் கழிவுநீர்த் தொட்டியும் வந்திருக்கின்றன. புல வரைபட நகலை இணைத்து ஆட்சேபணைக் கடிதம் எழுதிவிட்டேன். இந்த முறை பேக்கரி அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது.