வேனுக்குள் ஒரு ஹீட்டர்: லீட்ஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 5, சனி

ஹீட்டர் வந்துவிட்டது. புரோபெக்ஸ் எச்எஸ்2000, நாங்கள் தங்கித் தூங்கும் வேனுக்கான கேஸ் ஹீட்டர். ஷூ பெட்டி அளவுதான் இருக்கிறது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயம்புத்தூரில் நாற்பது வருஷம் பம்ப்செட் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு எங்களோடு இருக்க வந்தார், ஜனவரியில் திரும்புகிறார். அதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

"இது எங்கிருந்து காத்து எடுக்குது, எங்க விடுது? அத மொதல்ல சொல்லு சாமி" என்றார்.

சரியான கேள்வி. இந்தப் பெட்டிக்குள் இரண்டு காற்றோட்டங்கள் இருக்கின்றன. வேனுக்குள் இருக்கும் காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூடான உலோகத்தைத் தழுவி, மறுபக்கம் வெளியே வருகிறது. தீக்கு வேண்டிய காற்று வேனின் அடியிலிருந்து ஒரு குழாய் வழியாக வந்து, எரிந்து, இன்னொரு குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இரண்டும் எங்கேயும் கலப்பதில்லை. நாம் மூச்சு விடும் காற்றைத் தீ தொடுவதே இல்லை. நான் இந்த ஹீட்டரை வாங்கியதற்கு இது ஒன்றுதான் காரணம்.

போன பிப்ரவரியில் கெஸ்விக் ஏரிக்கரையில் தங்கியிருந்தோம். இரவு நடுங்கும் குளிர். வேனில் இருந்த சமையல் அடுப்பைப் பற்றவைத்து, ஜன்னலை இறுக்கி மூடி, முக்கால் மணி நேரம் குளிர் காய்ந்தோம். காலையில் எனக்கும் மகளுக்கும் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. அவள் வாந்தி எடுத்தாள். கதவைத் திறந்து ஏரிக்காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வெளிக்காற்றுக்கு வந்துவிட்டால் நாலைந்து மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். அதனால் திங்கட்கிழமை கூடத்துக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று எங்கள் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போனது. இத்தனை தெரிந்தும் அடுப்பைப் பற்றவைத்தவள் நான்தான். அது இன்னும் மனதை அறுக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

பழைய கேஸ் குழாயைக் கழற்றினோம். வேனை எங்களுக்கு விற்றவர் "எல்லாம் பக்காவாகச் செய்தது" என்று சொல்லித்தான் கொடுத்தார். அலமாரியின் பின்பலகையை எடுத்துப் பார்த்தால், சிலிண்டரிலிருந்து அடுப்புவரை வெறும் ரப்பர் டியூப். இரும்புத் தகட்டில் போட்ட ஓட்டைக்கு விளிம்பு ரப்பர்கூட இல்லை. வண்டி ஓடும்போதெல்லாம் தகடு டியூபை அறுத்திருக்கிறது. அந்த இடத்தில் கீறல் பாதி ஆழம் வரை இறங்கியிருந்தது. அப்பா டியூபை அங்கே மடித்துக் காட்டினார். கறுப்பு ரப்பர் வாய் திறந்து உள்ளே நூல் தெரிந்தது.

சிலிண்டர் வைத்த பெட்டியின் அடியிலும் துளை இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, அதில் ஒரு வகையான புரொபேன் ஒன்றரை மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் தேங்கும். அது வடிந்து வெளியேற, பெட்டியின் தரையில் ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் எட்டு மாதம் அந்தப் பெட்டிக்கு மேல்தான் தூங்கியிருக்கிறோம்.

அப்பா அன்று பூராவும் அதிகம் பேசவில்லை. டியூபைச் சுருட்டிக் குப்பையில் போடுவதற்கு முன்னால் நாலு துண்டாக வெட்டினார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம்.

அக்டோபர் 12, சனி

தரையில் துளை போடும் நாள்.

வண்டி ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர், டி5. ஹீட்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைப்பதாக முடிவு. மேலிருந்து அளந்து உடனே துளைத்துவிட முடியாது. கீழே டீசல் டாங்க், பிரேக் பைப், வயர் கட்டு எல்லாம் ஓடுகின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக அப்பா சம்மதிக்கவில்லை. நாலு ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்து வந்தோம். நான் அடியில் படுத்து டார்ச் அடித்தேன். அவர் மேலே சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் வரும் இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். "இங்க?" "பைப் இருக்குப்பா." "இங்க?" "சட்டம் போகுது." "இங்க?" "ஒண்ணுமில்லப்பா, வெறும் தகடு."

முதலில் 3 மில்லி ஊசித்துளை. அது சரியான இடத்தில் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் பெரிய வட்ட ரம்பம். துளை விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவுக்கு அங்கேதான் ஆரம்பம். அரைவட்ட அரத்தை எடுத்து, விளிம்பில் நின்ற பிசிரை ஒரே திசையில் தள்ளித் தள்ளி ராவினார். விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். வண்டிக்குள் சிதறிய இரும்புத் தூளைக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு தூள் மிஞ்சினாலும் ஈரத்தில் அது துருப்பிடித்து, தான் உட்கார்ந்த பெயின்ட்டையும் சேர்த்து அரிக்கும் என்றார். இரண்டு துளைக்கு மூன்று மணி நேரம். எனக்கு ஒரு நிமிஷம்கூட வீணாகத் தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. துளை விளிம்புகளுக்கு ஜிங்க் பிரைமர் அடித்தது மட்டும்தான் வேலை. காய்வதற்குள் இருட்டிவிட்டது.

அக்டோபர் 19, சனி

ஹீட்டரை உட்காரவைத்து, காற்றுக் குழாயையும் புகைக்குழாயையும் அடியில் இறக்கினோம். புகைக்குழாய் துருப்பிடிக்காத எஃகு, வளையக்கூடியது. வழியெல்லாம் கீழ்நோக்கிச் சரிந்தே போக வேண்டும், எங்கேயும் தொய்யக் கூடாது. காரணம் தண்ணீர். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். குழாய் தொய்ந்த இடத்தில் அது குளிர்ந்து தேங்கினால் புகைக்கு வழி அடைபடும். கெஸ்விக்கில் காலையில் கூரையிலிருந்து சொட்டியது எங்கள் மூச்சு மட்டுமில்லை, அடுப்பு விட்ட தண்ணீரும்தான் என்பது இப்போது புரிகிறது.

புகைக்குழாயின் வாய் வண்டிக்கு அடியிலேயே நின்றுவிடக் கூடாது. பக்கவாட்டு விளிம்புவரை வந்து வெளியே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில்லாத இரவில் புகை அடியிலேயே சுற்றி, ஏதாவது சந்து வழியாக உள்ளே ஏறும். இடப்பக்க விளிம்புக்குக் கொண்டுவந்து கிளாம்ப் போட்டோம்.

கேஸுக்கு 8 மில்லி செம்புக் குழாய். சேர்க்கும் இடத்தில் நட்டுக்குள் ஒரு பித்தளை வளையம் போட்டு இறுக்க வேண்டும். இங்கே அதை ஆலிவ் என்கிறார்கள், அப்பாவுக்கு அது ஃபெரூல். அதிகமாக முறுக்கினால் குழாய் நசுங்கிவிடும், குறைத்தால் கசியும். "கையில இறுக்கு. அப்புறம் ஸ்பேனர்ல முக்கால் சுத்து, ஒரு சுத்து. அது கையில கடிக்கிறது தெரியும் பாரு, அங்க நிறுத்து." துண்டுக் குழாயில் ஏழெட்டு முறை பழகிய பிறகுதான் எனக்கு அந்தக் கடி பிடிபட்டது. வண்டியில் உள்ள எல்லா இணைப்புகளும் என் கையால் இறுக்கியவை.

அக்டோபர் 26, சனி

சூடான காற்றுக்கு 60 மில்லி குழாய், தெர்மோஸ்டாட், 5 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து வயர் எல்லாம் முடிந்தது. சிலிண்டர் பெட்டியின் அடியில் வடிகால் துளையும் போட்டாயிற்று.

சிலிண்டர் வாங்கப் போனபோது அப்பாவுக்கு ஒரு குழப்பம். நம் ஊரில் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. இங்கே காலர் என்ற கேஸ் கம்பெனியில் நீலம் பியூட்டேன், சிவப்பு புரொபேன். பழைய ஆள் எங்களுக்கு விட்டுப் போனது நீலம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். குளிர்காலத்துக்கு உதவாது. புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். 6 கிலோ சிவப்பு வாங்கினோம். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 142 கிராம், அப்படியானால் 42 மணி நேரம். இரவில் அது நின்று நின்றுதான் ஓடும், இன்னும் அதிகம் வரும்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரைவிட உயரத்தில் மாட்டியிருக்கிறோம். டியூபில் எண்ணெய்ப்பசை சேர்ந்தாலும் ரெகுலேட்டருக்குள் போகாமல் திரும்பிச் சிலிண்டர் பக்கமே வடியும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேன் பக்கம் போகவில்லை. அப்பா விடியற்காலையில் எழுப்பி எண்ணெய் வைத்துவிட்டார், வேலைக்குப் போகும் அவசரத்திலும்.

நவம்பர் 4, திங்கள்

தீ பற்றவைக்கும் முன் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதில் நான் முதலிலிருந்தே உறுதி. இங்கே கேஸ் வேலைக்காரர்கள் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரலிலிருந்து அதுதான் நடைமுறை. ஆனால் பதிவு இருந்தால் மட்டும் போதாது. அவர்களுடைய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் யாருக்கு எந்த வேலை அனுமதி என்று இருக்கும். வீட்டு பாய்லருக்கு மட்டும் அனுமதி பெற்றவரை வேனுக்குக் கூப்பிடக் கூடாது. எல்பிஜியும் கேரவன் வகை வண்டிகளும் அட்டையில் உள்ளவரைத் தேடிப்பிடிக்க இரண்டு வாரம் ஆனது.

வந்தவர் அமைதியான மனிதர். அழுத்தமானியை மாட்டிவிட்டு, முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். அசையவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு காட்டும் திரவத்தைத் தெளித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் மூச்சை விட்டேன்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து வந்து இரண்டு குறை சொன்னார். செம்புக் குழாய்க்கு அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு வேண்டும், ஓரிடத்தில் 70 சென்டிமீட்டர் விட்டிருந்தோம். இரண்டாவதுதான் பெரிது. புகைக்குழாயின் வாயும் சிலிண்டர் பெட்டியின் வடிகாலும் ஒரே பக்கம், மிக அருகில். சிலிண்டர் கசிந்தால் கேஸ் எங்கே இறங்குமோ, அதற்குப் பக்கத்திலேயே சூடான புகை.

நாங்கள் இரண்டையும் தனித்தனியே நூறு முறை யோசித்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒரு முறையும் பார்க்கவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்கு ஆங்கிலம் சுமார்தான், ஆனால் அந்தக் கைகுலுக்கல் அவருக்குப் புரிந்திருக்கும்.

நவம்பர் 9, சனி

புகைக்குழாயைக் கழற்றி வலப்பக்க விளிம்புக்கு மாற்றினோம். சரிவை மட்டம் வைத்து மறுபடி பார்த்தோம். பிடிப்புகள் இப்போது 40 சென்டிமீட்டருக்கு ஒன்று.

நவம்பர் 11, திங்கள்

அவர் மறுபடி வந்து பார்த்துச் சரி என்றார். பற்றவைத்தோம். விசிறி சுழன்றது, டிக் டிக் என்று பொறி, தீ இல்லை. மறுபடியும் இல்லை. புதுக் குழாய் முழுக்கக் காற்று, அது வெளியேறிய பிறகுதான் கேஸ் வந்து சேரும் என்றார். நாலாவது முறை உள்ளே மெல்ல ஒரு 'புஃப்'. அரை நிமிஷத்தில் காற்று வெதுவெதுப்பானது. மகள் இரண்டு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 13, புதன்

இரவு ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிஷத்தில் சிவப்பு விளக்கு மின்னி, தானாகப் பூட்டிக்கொண்டது. கேஸ் இருக்கிறது, பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது. அப்பா விசிறியின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "லோ வோல்டேஜ்ல மோட்டார் முக்குமில்ல, அந்தச் சத்தம் கண்ணு இது. பேட்டரிகிட்ட அளக்காத, ஹீட்டர்கிட்ட அள." அளந்தேன், விசிறி ஓடும்போது 10.4. நடுவில் நான் நசுக்கிச் சேர்த்த ஒரு முனை வயரைச் சரியாகக் கடிக்கவில்லை. தொட்டால் சூடு. அதை வெட்டி எறிந்துவிட்டு, 4 சதுர மில்லிமீட்டர் வயர் ஒரே நீளமாக, நடுவில் இணைப்பே இல்லாமல் போட்டோம். இப்போது 12.3.

நவம்பர் 23, சனி

பிரேமார். ஸ்காட்லாந்து. பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 27.2 டிகிரி, இந்த ஊரில் 1895லும் 1982லும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் சோதனைக்கு இங்கே வந்தோம். என் கணவருக்கு ட்யூட்டி, நாங்கள் மூவர் மட்டும். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகுதான் திறந்தேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டில் இருக்கிறது. வாங்கும்போது ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 50291-1 வீட்டுக்கானது. ஓடும் வண்டியின் அதிர்வுக்கும் குளிருக்கும் சோதித்தது 50291-2தான்.

இரவு இரண்டு மணி. வெளியே மைனஸ் 6, உள்ளே 17. அலாரத் திரையில் பூஜ்ஜியம். மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறாள், கண்ணாடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்பாவைக் காணோம். கதவைத் திறந்தால், குரங்குக் குல்லாயும் கையில் டார்ச்சுமாக வண்டியின் வலப்பக்கம் குந்தியிருக்கிறார். புகைக்குழாயின் வாய்க்கு எதிரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். குழாய் முனையிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே பனியில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

"ஒழுங்காப் போகுது சாமி. நீ போய்ப் படு."