39 வயதுக்கு நான்கு நாள் இருக்கையில்: கொன்ராடோ மரேரோ

நாம் படித்த காலத்தில் கல்லூரிக் கிரிக்கெற் அணிக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்த்தது வேகத்தைத்தான். நெடுவலானவன் கையில் புதுப்பந்து போகும். சுழற்ற மட்டும் தெரிந்த கட்டைப் பொடியன் எல்லைக்கோட்டில் நிற்பான். இப்போது ரொறன்ரோவில் நம் பிள்ளைகளின் பிள்ளைகள் பேஸ்போல் ஆடுகிறார்கள். அங்கேயும் வேகமானிதான் முதலில் வெளியே வருகிறது. அவர்களுக்காகவாவது இந்தக் கியூபாக்காரரைப் பற்றி மலரில் நாலு வரி இருக்கட்டும்.

கொன்ராடோ மரேரோ 1911 ஏப்ரல் 25 அன்று சாகுவா லா கிராண்டே பக்கத்தில் பிறந்தவர். லாபெரிந்தோ என்ற பண்ணையின் பெயரும் அவருடைய பட்டப்பெயரில் ஒட்டிக்கொண்டது. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வோஷிங்டன் செனற்றர்ஸ் அணிக்காக அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் அவர் முதல் பந்து எறிந்தது 1950 ஏப்ரல் 21 அன்று. 39 வயது நிரம்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த வயதில் பெரும்பாலான பிச்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பதிவேட்டைத் திறந்தால் ஐந்து பருவம், 39 வெற்றி, 40 தோல்வி என்று இருக்கும். இதை மட்டும் பார்த்து எடைபோடுவது தவறு. அவருடைய நல்ல காலம் அதற்கு முன்பே கியூபாவின் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) லீக்கில், சியென்ஃபுவேகோஸ் அணியில் கழிந்துவிட்டது. சமூகக் கிளப்புகள் நடத்திய அந்த லீக்கில் கறுப்பர்களுக்கு இடம் இல்லை. மரேரோவின் புகழைப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1941 அமெச்சூர் உலகத் தொடரில் கியூபாவும் வெனிசுவேலாவும் சமநிலையில் நிற்க, ஹவானாவின் லா ட்ரொப்பிக்கல் மைதானத்தில் முடிவு ஆட்டம் நடந்தது. பேஸ்போலில் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; முதல் இன்னிங்ஸிலேயே மரேரோ மூன்று ஓட்டம் கொடுத்தார். எதிர்ப்பக்கம் எறிந்த டானியல் கனோனிக்கோ அதற்குப் பிறகு பிடி விடவில்லை. வெனிசுவேலா 3–1 என்று வென்றது. அடுத்த ஆண்டுத் தொடரில் வெனிசுவேலாவை ஓட்டமே எடுக்கவிடாமல் மரேரோ கணக்குத் தீர்த்தார்.

1946இல் தொழில்முறைக்கு வந்தார். அடுத்த ஆண்டு புளோரிடா இன்ரர்நஷனல் லீக்கில் ஹவானா கியூபன்ஸ் அணிக்காக 25 வெற்றி, 6 தோல்வி. செனற்றர்ஸ் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்துக்குக் கியூபாவில் ஆள் பிடித்துக் கொடுத்தவர் ஜோ காம்ப்ரியா. மலிவாக ஆள் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

சரி, வேகம் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்? பிச்சருக்கும் துடுப்பாட்டக்காரருக்கும் இடையில் 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் படாமலே போவதால், செய்ய வேண்டியதை எல்லாம் காற்றிலேயே செய்தாக வேண்டும். மரேரோவின் முக்கிய ஆயுதம் ஸ்லைடர். சுட்டுவிரலும் நடுவிரலும் பந்தின் நடுவை விட்டு வெளிப்பக்கமாகத் தையலில் அமரும். விடும் கணத்தில் அழுத்தம் நடுவிரலில் இருக்கும். வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்குக் கடைசி நேரத்தில் வெளியே விலகும். நம் லெக் கட்டர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை அதிகம் திருப்பினால் சீக்கிரமே வளையத் தொடங்கி, காத்திருந்து அடிக்க நேரம் கொடுத்துவிடும். சுழற்சி குறைந்தாலோ வளையாமல் நடு உயரத்தில் நின்றுவிடும்; அது வேலிக்கு அப்பால்தான் போய் விழும்.

இடையிடையே நக்கிள்போலும் எறிந்தார். விரல்நுனிகளால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடும் பந்து அது. தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பக் காற்று அதை அலைக்கழிக்கும். கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றுவிட்டால் வெறும் மெதுவான நேர்ப்பந்துதான். விசித்திரமான கைவீச்சோடு தொடங்கி, ஒரே பந்தைப் பல வேகத்தில் விடுவார். எதிராளியின் கால் முன்கூட்டியே நகர்ந்துவிடும். மேஜர் லீக்கில் 735 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 297 பேரைத்தான் ஸ்ட்ரைக்அவுட் செய்தார் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்க வைப்பது), அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு நாலுபேர்கூட இல்லை. மற்றவர்கள் அடிக்கத்தான் அடித்தார்கள், ஆனால் மட்டையின் நடுவில் பட்டது குறைவு. செனற்றர்ஸின் சொந்த மைதானமான கிரிஃபித் மைதானத்தின் இடப்பக்க எல்லை மிகத் தொலைவு என்பதும் உதவியது; வேறிடத்தில் வேலியைத் தாண்டி ஹோம்ரன் ஆகக்கூடிய பந்து அங்கே கைக்குள் விழும்.

1951 ஏப்ரல் 26இல் பிலடெல்பியா அத்லெற்றிக்ஸுக்கு எதிராக ஒரேயொரு ஹிற்தான் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை அடைவது) கொடுத்தார். பார்னி மெக்கோஸ்கி அடித்த அந்த ஒன்றும் ஹோம்ரன். ஆட்டம் 2–1 என்று வோஷிங்டனுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு 40 வயதில், லீக்கின் சிறந்த வீரர்களைச் சேர்க்கும் ஓல்-ஸ்ரார் அணியிலும் இடம் கிடைத்தது. அவருடைய அணியோ எட்டு அணிகளில் ஏழாவது. 1952இல் 11 வெற்றி, 8 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.88 ஓட்டம். எனக்கு இந்தப் பருவம்தான் அவருடைய உண்மையான அளவுகோல். 1954உடன் மேஜர் லீக் முடிந்தது.

புரட்சிக்குப் பிறகும் கியூபாவை விட்டுப் போகாமல் இளைய பிச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1999இல் பால்ரிமோர் ஓரியோல்ஸ் ஹவானாவுக்கு வந்தபோது, 87 வயதில் முதல் பந்தை எறிந்தவரும் அவரே. குறைந்த காலம் ஆடிய பழைய வீரர்களுக்கு மேஜர் லீக் 2011இல் அறிவித்த உதவித்தொகை, கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையால் அவருக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. உயிரோடிருந்த மேஜர் லீக் வீரர்களில் மூத்தவராக 2014 ஏப்ரல் 23இல், 103 வயதுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஹவானாவில் காலமானார்.